மே மாதத்தில் ஹீட்டர் போட்டவர்

சென்னைக் காரில் ஹீட்டர் இருப்பதும் வழுக்கைத் தலையர் சட்டைப் பையில் சீப்பு இருப்பதும் ஒன்றுதான். இருக்கும், அவ்வளவே. யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார்.

தமிழ்மாறனும் சிரித்தான். சாந்தோமில் அந்த வீட்டு வாசலுக்குள் நின்ற வெள்ளைக் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னாக்கா இது, ஹீட்டரப் பாருன்னு கூப்ட்டா மெக்கானிக்குதானே போவணும்? நம்மள எதுக்கு இட்டாந்தாங்க?" என்றான்.

"சிரிக்காதே மாறா" என்று காருக்குள்ளிருந்து பொன்மணியின் குரல் வந்தது.

பொன்மணி துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கார்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தவள். தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய ஆபீஸ். 'மனுஷன் பொய் சொல்லுவான், அவன் ஏறி வந்த வண்டி சொல்லாது' என்பது அவள் தினமும் ஒரு முறையாவது சொல்லும் வேதவாக்கு. மாறன் அவளுடைய உதவியாள். அதற்கு முன் அடையாறில் ஆட்டோ ஓட்டினான். வாய் மட்டும் இன்னும் ஆட்டோ ஸ்டாண்டிலேயே இருக்கிறது.

"சிரிக்கட்டும் மேடம்" என்றார் வீட்டுக்காரர். "நானும் இதுக்குச் சிரிச்சவன்தான்."

வால்டர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். நெட்டையான மனிதர். சட்டை இஸ்திரி போட்டிருந்தது, ஆனால் பொத்தான்கள் ஒன்று தள்ளிப் போடப்பட்டிருந்தன. அதைச் சரிசெய்யச் சொல்ல அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை. அவர் மனைவி லூயிசா மூன்று வாரத்துக்கு முன் மாடிப்படியில் இறங்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த போனும் சிதறிப் போனது. இந்தக் கார் லூயிசா ஓட்டியது.

"பேட்டரி இறங்கிடக் கூடாதேன்னு முந்தாநாள் ஏறி உக்காந்தேன்" என்றார் வால்டர். "பாத்தா, ஏசி குமிழ் முழுசா சிவப்புப் பக்கம் திருப்பி இருக்கு. ஹீட்டர். இந்த ஊர்ல, இந்த வெயில்ல. பக்கத்து சீட்டைப் பாத்தா கடைசி வரைக்கும் பின்னால தள்ளி, சாய்ச்சி வெச்சிருக்கு. நான் அந்த சீட்ல உக்காந்து வருஷக்கணக்காச்சு மேடம்."

"அவங்க வழக்கமா எங்க போவாங்க சார்?"

"செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் அடையாறுக்குப் போவா. அங்க ஒரு அன்பியக் கூட்டம், வீடு வீடா ஜெபம் பண்றாங்கன்னு சொல்லுவா. துக்கம் கேக்க வந்த அடையாறுக்காரங்ககிட்ட விசாரிச்சேன். அவ அந்தக் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லையாம்."

மாறன் காரின் கூரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"நாப்பது வருஷம் மேடம்" என்றார் வால்டர். "ஊரே வந்து அழுதுட்டுப் போச்சு. எனக்குக் கண்ணுல ஒரு சொட்டு வரல. அழலாம்னு உக்காந்தா அந்த சீட்டுதான் ஞாபகம் வருது. அதுல யாரு உக்காந்தான்? அதைத் தெரிஞ்சிக்காம நான் எப்படி அவளுக்காக அழறது? எவனா இருந்தாலும் சொல்லுங்க. தாங்கிக்கறேன்."

தாங்கிக்கொள்கிற முகமாக அது இல்லை. பொன்மணி எஞ்சினைக் கிளப்பினாள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எஞ்சின் சூடேறிவிட்டதை முள் காட்டியதும் ஃபேனைத் திருப்பினாள். மாறன் எட்டி முகத்தைக் காட்டினான்.

"அக்கா, சாயங்கால நேரத்து பீச்சு காத்து மாரி ஜில்லுனு கீது. சுண்டல்காரன் மட்டுந்தான் பாக்கி."

"காருக்குள்ள ஹீட்டர்னு தனியா அடுப்பு எதுவும் கிடையாது மாறா. எஞ்சின் சூட்டுல கொதிக்கிற தண்ணி ஒரு குழாய் வழியா டேஷ்போர்டுக்குப் பின்னால இருக்கிற சின்ன ரேடியேட்டருக்குள்ள போகும், இன்னொரு குழாய் வழியா திரும்பி வரும். ஃபேன் காத்து அது மேல பட்டு நம்ம மேல சூடா வீசும். தண்ணி போகலன்னா வெறும் காத்துதான்." அவள் இறங்கி பானெட்டைத் தூக்கினாள். "முதல் சந்தேகம், தண்ணி குறைவா இருக்கணும். இல்ல, டப்பா நிறைய இருக்கு. ரெண்டாவது, உள்ள காத்தைத் திருப்பி விடற தகடு சிக்கியிருக்கணும். அதுவும் இல்ல, குமிழைத் திருப்பறப்ப தகடு நகர்ற சத்தம் கேட்டுச்சு. மூணாவது, உள்ள போற குழாய் சூடா இருந்து வெளிய வர்றது சில்லுனு இருந்தா நடுவுல அடைப்பு. டேஷ்போர்டுப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கற ரெண்டு முனையையும் தொட்டுப் பாரு."

மாறன் பயந்து பயந்து தொட்டான். "ரெண்டும் சில்லுனுதான் கீது."

"அப்போ சூடு வாசல் வரைக்கும்கூட வரல. வழியிலேயே யாரோ மடக்கியிருக்காங்க."

அவள் விரல் எஞ்சினிலிருந்து புறப்பட்ட ரப்பர் குழாயைத் தொடாமல் அதன் வழியே நகர்ந்து போயிற்று. குழாய் கொஞ்ச தூரம் போய், லாடம் மாதிரி வளைந்து, எஞ்சினுக்கே திரும்பியது. ஹீட்டருக்குப் போக வேண்டிய இரண்டு மூக்குகளும் மூளியாக நின்றன. குழாயை இறுக்கியிருந்த வளையங்களில் துரு ஏறியிருந்தது.

"இது பழைய வேலை. யார் பண்ணினது சார்?"

வால்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான் பண்ணச் சொன்னேன். நாலஞ்சு வருஷம் முன்னாடி. கால் வைக்கிற இடத்துல தண்ணி ஒழுகிக்கிட்டே இருந்தது. மெக்கானிக் பாத்துட்டு, ஹீட்டர் ஓட்டை, மாத்தணும்னா டேஷ்போர்டையே பிரிக்கணும், மெட்ராஸ்ல எதுக்கு சார் ஹீட்டர், வளைச்சி விட்டுடறேன்னான். நியாயமாத்தான் பட்டுது."

அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊர் ஒர்க் ஷாப்புகளில் பாதி ஹீட்டர்களின் தலையெழுத்து அதுதான். கெட்டுப் போனதுகூடத் தெரியாமல் வண்டியையே விற்றுவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லல. சொல்ல என்ன இருக்குன்னு விட்டுட்டேன்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவே இல்லை. "மே மாசம், நல்ல கத்திரி வெயில்ல, அவளே வந்து கேட்டா. என்னங்க, ஹீட்டர் போட்டா சில்லுனு காத்து வருது, கொஞ்சம் பாருங்களேன்னு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வெளிய வந்து, எங்க வீட்டம்மாவுக்கு மே மாசத்துல ஹீட்டர் வேணுமாம்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா."

பொன்மணி பானெட்டை மூடினாள். அடுத்துப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, அதன் பைக்குள் கைவிட்டாள். கை வெளியே வந்தபோது விரல்களில் சின்னச் சின்னப் பிளாஸ்திரித் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பஞ்சு, பஞ்சில் காய்ந்துபோன ஒரு பழுப்புப் புள்ளி.

"ஹீட்டர்ல சூடு வராதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்ககிட்ட கேட்டதே அதுக்குத்தான். தெரிஞ்ச பிறகும் குமிழை சிவப்புலேயே வெச்சிருக்காங்க பாருங்க" என்றாள் பொன்மணி. "பக்கத்துல உக்காந்தவங்க மனசுக்காக வெச்சிருப்பாங்கன்னு தோணுது. எதுவோ செய்யறோம்னு காட்டணுமில்ல."

"அந்த ஆளு மனசு அவ்வளவு முக்கியமா அவளுக்கு?" என்றார் வால்டர். குரல் உடைந்திருந்தது.

மாறன் பேச்சை மாற்றப் பார்த்தான். காரின் கூரையைச் சுரண்டிக்கொண்டே, "அக்கா, இங்க பாரு. நாவப்பழக் கறை. கூரை பூரா கீது. சார் வீட்டாண்ட நாவ மரமே இல்லியே. அடையாறுல வண்டி நிக்கிற மாரி எடத்துல நாவ மரம்னா எனக்குத் தெரிஞ்சி ஒண்ணே ஒண்ணுதான். நாங்க ஆத்தங்கரையில குடிசையில இருந்தப்போ அதுல கல்லடிச்சே நாக்கு ஊதாவாத் திரிஞ்சோம். அப்புறம்தான் எங்களத் தூக்கிக் கொண்டுபோய் பெரும்பாக்கத்துல போட்டாங்க. மரத்த மட்டும் உட்டுட்டாங்க" என்றான்.

"நம்ம வண்டியை எடு" என்றாள் பொன்மணி.

அடையாறில் அந்த மரம் இன்னும் இருந்தது. அடியில் தார் ரோடே தெரியாதபடி பழம் நசுங்கிக் கிடந்தது. மரத்தை ஒட்டி ஒரு இளநீர் வண்டி. வெள்ளைச்சாமி என்கிற நடுவயதுக்காரர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கார் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவரே பிடித்துக்கொண்டார்.

"டீச்சர் மாரி இருக்கும், நான் டீச்சரம்மான்னுதான் கூப்புடுவேன், அதுவா? எங்க, ஆளையே காணோம்?"

"கொஞ்சம் வர முடியல" என்றாள் பொன்மணி. "இங்கதான் நிறுத்துவாங்களா?"

"இதே நெழல்லதான். ஒரு எளநீ வெட்டச் சொல்லும். ஆனா வண்டிக்குள்ள உக்காந்து குடிக்காது. வெயில்ல இப்படி நின்னே குடிக்கும். அந்தத் தம்பி வர்றதுக்குள்ள குடிச்சி முடிச்சி, முந்தானையால வாயத் தொடச்சி, மட்டையக்கூட கண்ணுல படாம என் கூடைக்கு அடியில சொருகிட்டுத்தான் வண்டியில ஏறும்."

"தம்பியா?"

"ஒசரமா ஒரு ஆளு. முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும். கொளுத்துற வெயில்ல தலையில குல்லா, மேல ஸ்வெட்டரு. அந்தத் தெருமுனையில இருந்து மெல்ல நடந்து வருவாரு. ஒருநாள் நான் சும்மா இல்லாம, தம்பிக்கும் ஒண்ணு வெட்டவாம்மான்னு கேட்டுட்டேன். டீச்சரம்மா மூஞ்சி அப்படியே மாறிப் போச்சு. அந்தத் தம்பி என் எளநீயப் பாத்த பார்வை இருக்குதே, எனக்கே அன்னிக்கு யாவாரம் பண்ண மனசு வரல."

வெறும் வாயை மெல்லுகிற மாறனுக்கு இது அவல். "குல்லா, ஸ்வெட்டரு. அக்கா, சினிமாக்காரன் எவனோ மாறு வேஷத்துல வந்துக்கினு கீறான். டீச்சரம்மா படா ஆளுதான்."

பொன்மணி சிரிக்கவில்லை. "மாறா, ஒருத்தர் முன்னால நாம தண்ணிகூடக் குடிக்க மாட்டோம். எப்போ?"

"அவங்க நோம்பு இருக்கறப்போ."

"வாரத்துல ரெண்டு நாள், மாசக்கணக்கா யார் நோன்பு இருப்பாங்க? அவருக்குத் தண்ணி அளந்துதான் குடிக்கணும். எளநீ தொடவே கூடாது. கையில ஊசி குத்தின இடத்துல பஞ்சு. ஊரே வேர்க்கறப்ப அவருக்கு மட்டும் குளிரு."

மாறன் வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். ஆட்டோ ஓட்டிய காலத்தில் அந்த மாதிரிச் சவாரிகள் அவனுக்கும் வந்ததுண்டு. காற்று படாமல் இரண்டு பக்கமும் துணி கட்டச் சொல்வார்கள். பின்சீட்டில் பல் தந்தியடிக்கிற சத்தம் முன்னால் கேட்கும். ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் பண்ணி, திரும்ப உள்ளே அனுப்பும் அந்த மெஷினிலிருந்து எழுந்து வருகிறவர்களின் குளிர் அது.

"டயாலிசிஸ்" என்றான் மெதுவாக.

"அடுத்த தெருவுலதான் இருக்குது" என்று அரிவாளால் காட்டினார் வெள்ளைச்சாமி.

டயாலிசிஸ் மையத்தின் முன்னறையில் இருந்த டெக்னீஷியன் பெண் பெயர் மஹ்விஷ். பொன்மணி காரைப் பற்றிச் சொன்னதுமே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"மேத்யூவோட அம்மா கிட்ட இருந்து வர்றீங்களா? ஏங்க, அவங்க ஏன் வரதில்ல? நாங்க எத்தனை தடவை போன் போட்டோம் தெரியுமா? சுவிட்ச் ஆஃப்னே வருது."

மாறன் பொன்மணியைப் பார்த்தான். பொன்மணி கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையாகக் கட்டில்கள். மூன்றாவதில் நீளமான ஒரு மனிதன் நெஞ்சு வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தான். வால்டரின் அதே நெற்றி, அதே மூக்கு. யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அவங்க பையன்" என்று பொன்மணி தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"மூணு வாரமா தனியாத்தான் ஆட்டோல போறார். வேளச்சேரியில ரூம்" என்றாள் மஹ்விஷ். "அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சி, அதான் அம்மாவை விட மாட்டேங்கறார்னு நினைச்சிட்டு இருக்கார். முடிஞ்சி எழுந்ததும் நேரா அந்த ஜன்னலுக்குத்தான் போவார். அங்கேர்ந்து பாத்தா நாவ மரம் தெரியும். கொஞ்ச நேரம் பாத்துட்டு, அப்புறம் ஆட்டோ கூப்பிடுவார்."

"அப்பாகிட்ட சொல்லலாமேன்னு அவங்க அம்மா சொல்லலியா?"

"வர்றப்பல்லாம் சண்டை அதுதான். இவர்தான் சத்தியம் வாங்கிட்டார். அப்பா கூப்பிட்டா அவருக்கா என்னைப் பாக்கணும்னு தோணிக் கூப்பிடணும், நோயாளின்னு இரக்கப்பட்டுக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லுவார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவங்க நல்லா இருக்காங்க இல்ல?"

மாறன் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். பொன்மணி அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வெள்ளிக்கிழமை கார் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

"ஏங்க்கா தடுத்தே?" என்றான் மாறன், தெருவுக்கு வந்ததும். "அந்தாளு மரத்தப் பாத்துக்கினு நிக்கறான். அம்மா செத்துட்டான்னு தெரியாம நிக்கறான்க்கா."

"அதைச் சொல்ல வேண்டியவர் ஒருத்தர் இருக்கார். நம்ம வாயால அது வரக் கூடாது."

வால்டர் வாசலிலேயே நின்றிருந்தார். பொன்மணி எதையும் சுற்றி வளைக்கவில்லை. அந்த சீட்டில் உட்கார்ந்தவர் பெயர் மேத்யூ என்றாள். வால்டர் முதலில் கார் கதவைப் பிடித்தார். அப்புறம் அதே சீட்டில், பின்னால் தள்ளிச் சாய்த்து வைத்த அந்த சீட்டிலேயே, உட்கார்ந்துவிட்டார். அவள் மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

"குருமடத்துல இருந்தான்" என்றார் வால்டர். "குருப்பட்டம் வாங்க ஒரு வருஷம்தான் பாக்கி. எம் பையன் சாமியாராகப் போறான்னு நான் பங்கு முழுக்கச் சொல்லி வெச்சிருந்தேன். ஒருநாள் பெட்டியோட வந்து நின்னான். எனக்குக் கடவுளோட அழைப்பு இல்லப்பா, பொய்யா நிக்க முடியாதுன்னான். உண்மையைத்தான் சொன்னான். எனக்கு ஊர் மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னுதான் இருந்தது. இந்த வீட்டுப் படி ஏறாதேன்னு சொன்னேன். ஏறல. அப்பா பேச்சைக் கேக்கற பையன் அவன்."

வால்டர் எதிரே இருந்த காற்றுத் துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை விரலால் தொட்டார்.

"அவன் குளிர்ல நடுங்கறப்போ இதுலேர்ந்துதானே மேடம் சில்லுனு வீசியிருக்கு."

அதற்கு ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். சாதாரண நாளாக இருந்தால் மாறன் சொல்லியிருப்பான், அல்லது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று முணுமுணுத்திருப்பான். இன்று இரண்டும் வரவில்லை. பொன்மணி "ஆமா சார்" என்றாள்.

"அவ எங்கிட்டதான் வந்து கேட்டா" என்றார் வால்டர். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம். அதனால ஹீட்டரைப் பாருங்கன்னு மட்டும் கேட்டா. நான் ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும். சிரிச்சேன்."

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. மூன்று வாரமாக வராதது மொத்தமாக வந்தது. கணக்கு வாத்தியார் டேஷ்போர்டில் நெற்றியை வைத்து, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி லூயிசா, லூயிசா என்று அழுதார். மாறன் போய் கேட்டைச் சாத்தினான்.

மறுநாள் காலை கார் கிண்டி தொழிற்பேட்டையில் அக்பர் பாஷாவின் ஒர்க் ஷாப்பில் நின்றது. பாஷா பொன்மணிக்கு இன்ஷூரன்ஸ் காலத்து சிநேகம்.

"ஜூன் மாசத்துல ஹீட்டரா? இன்னா சார், குடும்பத்தோட ஊட்டிக்கா?" என்று கேட்டார்.

"அடையாறுக்கு" என்றார் வால்டர்.

பாஷா பொன்மணியைப் பார்த்தார். அவள் தலையை அசைத்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டேஷ்போர்டு முழுவதும் கழன்று வந்தது. உள்ளேயிருந்து உள்ளங்கை அளவில் ஒரு ரேடியேட்டர், ஓரமெல்லாம் பச்சையாகப் பூத்துப்போய் வந்தது. புதிதை வைத்தார். வளைத்துவிட்ட குழாயை அறுத்து எறிந்தார். மூளியாக நின்ற இரண்டு மூக்குகளிலும் புதுக் குழாய்களை மாட்டி இறுக்கினார். வால்டர் வீட்டுக்குப் போகவில்லை, உட்காரவும் இல்லை. ஒவ்வொரு திருகாணிக்கும் பக்கத்திலேயே நின்றார். மாறன் வாங்கி வந்த டீ அவர் கையிலேயே ஆறிப்போனது.

"ஆயிடுச்சா?"

"இருங்க சார். குழாய்க்குள்ள காத்து அடைச்சிக்கினு கீது. அதை எடுக்காம உட்டா, அவ்ளோ வேலை செஞ்சும் மறுபடி சில்லுனுதான் வரும்." பாஷா எஞ்சினை ஓடவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, குமிழி வருவது நிற்கும் வரை தண்ணீரை ஊற்றினார். பிறகு ஃபேனைத் திருப்பினார்.

வால்டர் கையை நீட்டினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு முகம் மாறியது. சுடுகிற அளவுக்கு வந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. மாறன்தான் பிடித்து இழுத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொன்மணி வர மறுத்துவிட்டாள். தன் வேலை முடிந்தது என்றாள். ஆனால் வால்டர் மாறனை விடவில்லை. "நீங்க பின்னால உக்காருங்க தம்பி. தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்" என்றார். ஆகவே மாறன் பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். கார் நாவ மரத்தடியில் நின்றது. கண்ணாடிகளில் வெயில் மறைப்புத் துணி. உள்ளே ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. மாறனுக்கு முதுகு, கழுத்து, காதுக்குப் பின்புறம் எல்லாம் ஊற்றியது. வால்டரின் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. ஆனால் இன்று பொத்தான்கள் சரியாகப் போடப்பட்டிருந்தன.

"அவனை என்னன்னு கூப்பிடுவேன்?" என்றார். "இரக்கப்பட்டு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

மாறன் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான். அதற்குள் தெருமுனையில் குல்லா போட்ட உருவம் தெரிந்தது. அது காரைப் பார்த்துவிட்டது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு டயாலிசிஸ் முடிந்த உடம்பு நடக்கக் கூடாத வேகத்தில், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தது. வெள்ளைச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் காதில் வாங்கவில்லை. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் மாறன் குனிந்துகொண்டான்.

கதவு திறந்தது. மேத்யூ சீட்டில் விழுந்த மாதிரி உட்கார்ந்தான். தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு இரைத்தது. காற்று முகத்தில் பட்டதும் கண்ணைத் திறக்காமலே இரண்டு உள்ளங்கைகளையும் துவாரத்துக்கு நேரே நீட்டினான்.

"சூடா வருதும்மா" என்றான். பிறகு, குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே, "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றான்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வால்டரின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"சொல்லலடா" என்றார் கடைசியில். "சொல்லாமலே போயிட்டா."

மேத்யூ கண்ணைத் திறந்தான். அப்பாவைப் பார்த்தான். பின்சீட்டில் இருந்த அந்நிய முகத்தைப் பார்த்தான். மறுபடி அப்பாவைப் பார்த்தான். கேட்கவே வேண்டாம் என்று நினைத்தவன் போலத் தயங்கி, பிறகு கேட்டான்.

"எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு. மாடிப்படியில. கூப்பிட்டுச் சொல்ல நீ இருக்கற இடமே எனக்குத் தெரியல. தெரியாம வெச்சிருந்தது நான்தான்."

மேத்யூவின் கை கதவுப் பிடியைத் தேடியது. பிடித்தும் விட்டது. ஆனால் திறக்கப் பலமில்லை, அல்லது இறங்கிப் போக இடமில்லை. பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. "ஹீட்டரைச் சரிபண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றான். "எனக்கு இப்படின்னு தெரிஞ்சிதானே வந்தீங்க? இரக்கப்பட்டுத்தானே?"

"இல்லடா" என்றார் வால்டர். அழுகையை அடக்கிக்கொண்டு பேசப் பார்த்தார், முடியவில்லை. அழுதுகொண்டே சொன்னார். "எனக்கு யாரும் இல்ல மேத்யூ. நீ என்மேல இரக்கப்படுவியான்னு கேட்டுப் போக வந்தேன்."

மாறன் சத்தமில்லாமல் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டான். வெளியே வெயில் சில்லென்று இருந்தது. இளநீர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளைச்சாமி ஒன்று வெட்டவா என்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

திறந்து கிடந்த கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே பேச்சில்லாமல் இரண்டு பேர் அழுகிற சத்தம் கேட்டது. ஒருவர் பழக்கமில்லாமல் அழுதார், இன்னொருவன் தெம்பில்லாமல் அழுதான். அப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கும் அப்புறம்தான் மேத்யூவின் குரல் வந்தது.

"அம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்கப்பா."